486-லிருந்து கோப்புகளை வெளியே எடுக்க எந்த மென்பொருள்? அதற்கு என்னென்ன வேண்டும்?

4 ஜூன் 2022, காலை

மாமாவின் அச்சகத்தில் ஒரு பழைய 486 கணினி கிடக்கிறது. டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம், 420 எம்பி ஹார்ட் டிஸ்க். டாஸ் 6.22, அதன் மேல் விண்டோஸ் 3.1. எட்டு வருடம் அடித்த கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, கட்சி நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் 5 (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளாக உள்ளே இருக்கின்றன. கணக்கு பாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில். மொத்தம் 70 எம்பி போல வரும். இதை என் லேப்டாப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

நெட்வொர்க் கார்டு கிடையாது. யுஎஸ்பி கிடையாது. சிடி டிரைவும் கிடையாது. பிளாப்பி டிரைவ் இருக்கிறது, சத்தம் மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இந்தக் கணினியில் ஓடக்கூடிய கோப்புப் பரிமாற்ற மென்பொருள் எது? எவ்வளவு ராம், எந்த டாஸ் வேண்டும்? "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்பவர்கள் தயவுசெய்து தாண்டிப் போகவும். அதை மாமியே தினம் சொல்கிறார்.

4 ஜூன், இரவு

"டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டு, பத்து நிமிஷ வேலை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்பதற்கு முன்னாடியே மாட்டிப் பார்த்துவிட்டேன். டிஸ்க் சுற்றுகிறது, அடாப்டரில் விளக்கு எரிகிறது, லேப்டாப் மட்டும் வாயே திறக்கவில்லை.

காரணம் இப்போதுதான் புரிந்தது. இந்தக் காலத்து டிஸ்கில் பலவற்றுக்கு சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண் சொல்லித்தான் முகவரி கேட்கத் தெரியும். அடாப்டரின் சில்லோ ஒரே தொடர் எண்ணாகத்தான் கேட்கும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. 500 எம்பிக்குக் கீழே உள்ள டிஸ்க் வைத்திருப்பவர்கள் அடாப்டர் வாங்கும் முன் இதை நினைவில் வைக்கவும். எனக்கு 450 ரூபாய் தண்டம்.

5 ஜூன்

இன்று பிளாப்பி. 70 எம்பியை 1.44 ஆல் வகுத்தால் 49 தட்டு. ஏஆர்ஜே என்ற சுருக்கும் நிரலில் சுருக்கித் தட்டுத் தட்டாக வெட்டினால் பாதியாகக் குறையலாம் என்று கணக்குப் போட்டேன். மாமாவின் மேசை டிராயரில் இருந்தவை 11. அதில் 4 பூஞ்சை பிடித்தவை. மீதியில் முதல் வேலையாகக் கணக்குக் கோப்பை மட்டும் எடுக்கலாம் என்று பாக்ஸ்ப்ரோவின் 3 எம்பி டிபிஎஃப் கோப்பை மூன்று துண்டாக வெட்டி, யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வழியாக லேப்டாப்பில் ஏற்றி, காப்பி கட்டளையில் கூட்டல் குறி போட்டு ஒட்டினேன்.

வந்த கோப்பு இருக்க வேண்டிய அளவில் இல்லை. முதல் துண்டிலிருந்து வந்தது மூன்றே மூன்று பைட்டு!

ஒரு மணி நேரம் தட்டின் மேல் பழி போட்டேன். தட்டு நல்ல தட்டுதான், தப்பு என்னுடையது. கூட்டல் குறி போட்டு ஒட்டும்போது காப்பி கட்டளை எல்லாவற்றையும் எழுத்துக் கோப்பு என்றே நினைக்கும். 26 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டால் "கோப்பு முடிந்தது" என்று நிறுத்திவிடும். டிபிஎஃப் கோப்பின் முதல் பைட்டு வகை. அடுத்த மூன்றும் கடைசியாகத் திருத்திய வருடம், மாதம், நாள். மாமா கடைசியாகக் கணக்கு எழுதியது ஒரு 26-ஆம் தேதி. நாலாவது பைட்டிலேயே கதை முடிந்தது. 27-ஆம் தேதி எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வேறு எங்காவது மாட்டியிருக்கலாம்; நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கட்டளையோடு /பி சேர்த்தால் சரியாக ஒட்டுகிறது. சேர்த்தேன், ஒட்டியது.

கணக்கு வந்துவிட்டது. பத்திரிகைகளுக்கு இத்தனை நல்ல தட்டு எங்கே போய்த் தேடுவது?

6 ஜூன்

கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்திருக்கிறது. 1993-இல் வந்த டாஸ் 6.0 முதலே இண்டர்லிங்க், இண்டர்சர்வர் என்று இரண்டு கோப்புகளை மைக்ரோசாப்ட் சேர்த்தே கொடுத்தது. இரண்டு கணினியைக் கேபிளால் இணைத்து ஒன்றில் இண்டர்சர்வர் ஓடவிட்டால், அதன் டிஸ்க் மற்றதில் இன்னொரு டிரைவ் எழுத்தாகத் தெரியும். அப்புறம் வழக்கமான காப்பி, எக்ஸ்காப்பி எல்லாம் வேலை செய்யும். அந்தக் காலத்தில் லேப்லிங்க் என்ற மென்பொருள் காசு வாங்கிக்கொண்டு செய்துகொடுத்த அதே வேலைதான்.

தேவைகளைப் பாருங்கள். ஒரு பக்கம் டாஸ் 6.0, மறு பக்கம் டாஸ் 3.0 இருந்தாலே போதும். வாங்கும் பக்கத்தில் 16 கிலோபைட் நினைவகம், கொடுக்கும் பக்கத்தில் 130 கிலோபைட். எம்பி இல்லை, கிலோபைட். இரண்டிலும் ஒரு சீரியல் அல்லது பேரலல் போர்ட், அதற்கேற்ற கேபிள். அவ்வளவுதான். 486 இதற்கெல்லாம் தாராளமாகத் தேறும்.

தேறாதது என் லேப்டாப். பேரலல் போர்ட் இல்லை. சீரியல் போர்ட் இல்லை. 64-பிட் விண்டோஸில் 16-பிட் டாஸ் நிரல் ஓடாது. 16 ஜிபி ராம் வைத்துக்கொண்டு 16 கிலோபைட் நிரலை ஓட்ட வக்கில்லை. நான் கேட்டது தலைகீழ்க் கேள்வி. பழைய கணினியின் தகுதியை விசாரித்துக்கொண்டிருந்தேன், சிக்கல் புதியதில் இருந்தது. இரண்டுக்கும் பேசத் தெரிந்த ஒரு நடுவயதுக் கணினி வேண்டும். நம்ம ஊரில் நிலம் வாங்கினாலே தரகர் வேண்டும், இதற்கு வேண்டாமா?

8 ஜூன்

கேபிள் கதை. வேலை விஷயமாகச் சென்னை போயிருந்தேன், ரிச்சி தெருவில் பேரலல் கேபிள் கேட்டேன். எல்லாரும் பிரிண்டர் கேபிளை எடுத்து நீட்டினார்கள். அது ஆகாது. ஒரு முனை 25 பின், மறு முனை 36 பின் உள்ள பிரிண்டர் வாய். நமக்கு இரண்டு முனையும் 25 பின் ஆண் வேண்டும், உள்ளே கம்பிகள் குறுக்கே மாற்றிப் போட்டிருக்க வேண்டும். ஒரு பெரியவர் மட்டும், "லேப்லிங்க் கேபிளா? அதை யாருப்பா இப்ப வெச்சிருக்கா" என்று சிரித்துவிட்டு, இரண்டு காலி கனெக்டரையும் ஒரு மீட்டர் கேபிளையும் 120 ரூபாய்க்குக் கொடுத்தார்.

பற்றவைத்தது இப்படி. 2-ஐ மறுபக்கம் 15-க்கு, 3-ஐ 13-க்கு, 4-ஐ 12-க்கு, 5-ஐ 10-க்கு, 6-ஐ 11-க்கு. அதே ஐந்தும் மறுதிசையிலும். 25-க்கு 25 பூமிக் கம்பி. மொத்தம் 11 கம்பி.

ஏன் இந்த வினோத வரிசை என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. பேரலல் போர்ட் பிரிண்டருக்காகப் பிறந்தது. வெளியே அனுப்ப எட்டு டேட்டா கம்பி உண்டு. உள்ளே கேட்க அந்தக் கால போர்ட்டில் இருந்தது ஐந்தே கம்பி, அதுவும் பிரிண்டர் தன் நிலையைச் சொல்வதற்காக. வேலையாக இருக்கிறேன், வாங்கிக்கொண்டேன், தயார், பிழை, தாள் தீர்ந்தது. அந்த ஐந்தில் நான்கைத் தரவுக்கும் ஒன்றைச் சைகைக்கும் வைத்துக்கொண்டு, ஒரு பைட்டை இரண்டு பாதியாக உடைத்துக் கடத்துகிறார்கள். 12-ஆம் பின்தான் "தாள் தீர்ந்தது". ஓர் அச்சகத்தின் எட்டு வருட உழைப்பு "தாள் தீர்ந்தது" கம்பி வழியாக வெளியே வரப்போகிறது என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

8 ஜூன், சற்று நேரம் கழித்து

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இரண்டு கணினியும் அணைந்திருக்கும்போது மட்டும் கேபிளைச் சொருகுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டுங்கள். மாமா கடையில் ஒரு பிளக்கில் எர்த் இருக்கிறது, இன்னொன்றில் பெயருக்கு ஓட்டை மட்டும். கணினிப் பெட்டியைத் தொட்டால் விரல் சுள்ளென்கிறது. அந்தக் கசிவு கேபிள் வழியாகப் பாய்ந்தால் போர்ட் காலி.

9 ஜூன்

"சீரியல் கேபிளே போதுமே, மூன்று கம்பிதானே" என்று கேட்டவருக்கு. போதும். வேகத்தை மட்டும் பாருங்கள். உச்சம் விநாடிக்கு 1,15,200 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் காவல் சேர்ந்து பத்து பிட், ஆக 11,520 பைட்டு. 70 எம்பிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், அதுவும் இடையில் தடங்கல் எதுவும் இல்லாமல் போனால். முழு 420 எம்பி டிஸ்கையும் எடுப்பதென்றால் பத்து மணி நேரத்துக்கு மேல்.

இன்னொன்று, சீரியல் போர்ட்டின் சில்லு. 8250, 16450 வகையில் வந்த பைட்டை வைத்துக்கொள்ள ஒரே ஓர் இடம். அடுத்த பைட்டு 87 மைக்ரோவிநாடியில் வந்துவிடும். அதற்குள் எடுக்காவிட்டால் போயிற்று. 16550ஏ-வில் 16 பைட்டு வரிசையில் நிற்கும். விண்டோஸ் 3.1-க்குள் இருந்து அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாக உறைக்கும். டாஸில் வேறு வேலை எதுவும் குறுக்கே வராததால் பழைய சில்லும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். எந்தச் சில்லு என்று அறிய, டாஸோடு வரும் எம்எஸ்டி நிரலை ஓட்டிப் பாருங்கள்.

11 ஜூன்

தரகர் கிடைத்தார். நண்பர் வீட்டுப் பரணில் ஒரு பென்டியம் 3, விண்டோஸ் 98, பின்னால் பேரலல் போர்ட், நெட்வொர்க் கார்டு எல்லாம் உண்டு. எலி கூடு கட்டியதற்கான தடயமும் உண்டு.

அதைத் தூக்கிக்கொண்டு அச்சகம் போனால், 486 டிஸ்கே இல்லை என்கிறது. நேற்று மாமா கடையைக் கூட்டும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். உள்ளே பேட்டரி சாகக் கிடக்கிறது, ஒரு நாள் கரண்ட் இல்லாததும் டிஸ்கின் அளவு மறந்துவிட்டது. நல்லவேளையாக டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் எண்கள் இருந்தன. 826 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பயாஸில் (கணினி எழும்போது ஓடும் அடிப்படை நிரல்) வகை 47 என்று தேர்ந்து அவற்றைக் கையால் போட்டதும் எழுந்தது. தேதி 1980 ஜனவரி 1 என்றது, இருந்துவிட்டுப் போகட்டும்.

போர்டில் பீப்பாய் மாதிரி பற்றவைத்த பேட்டரி இருந்தால் உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். அது பச்சையாகக் கசிந்து பக்கத்துக் கம்பித் தடங்களைத் தின்றுவிடும். மாமாவுடையதில் கசிவு ஆரம்பித்திருக்கிறது. டிஸ்கின் எண்களையும் பெட்டி மேல் மார்க்கரால் எழுதிவையுங்கள்.

12 ஜூன்

முடிந்தது. ஏறக்குறைய.

486-ஐக் கொடுக்கும் பக்கமாக வைத்தேன். பென்டியத்தின் டிஸ்க் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கிறது, அதை டாஸ் 6.22-க்குத் தெரியாது, அந்த வம்பே வேண்டாம் என்று. இண்டர்லிங்க், இண்டர்சர்வர் இரண்டையும் பிளாப்பியில் எடுத்துப் போய், பென்டியத்தின் கான்ஃபிக் கோப்பில் இண்டர்லிங்க் வரியைச் சேர்த்து, டாஸ் முறையில் எழுப்பினேன். பேரலல் போர்ட்டை மட்டும் பார் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சீரியல் போர்ட்டையும் துழாவி, அங்கே மவுஸ் இருந்தால் அதன் கழுத்தைப் பிடிக்கும்.

எக்ஸ்காப்பி ஓடத் தொடங்கியது. விநாடிக்குச் சுமார் 40 கிலோபைட். அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது, இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போயிற்று.

திரும்பி வந்ததும் முதலில் இருந்து ஓட்ட மனமில்லை. டாஸில் ரீப்ளேஸ் என்று யாரும் சீண்டாத ஒரு கட்டளை உண்டு. /ஏ போட்டால் அங்கே இல்லாத கோப்புகளை மட்டும் சேர்க்கும். உள் அடைவுகளுக்குள் தானாக இறங்காது, ஒவ்வோர் அடைவுக்கும் தனியாகப் போட வேண்டும். வருடவாரியாகத்தான் மாமா பிரித்து வைத்திருந்தார், சிரமமில்லை.

12 ஜூன், நள்ளிரவு

மேலே "முடிந்தது" என்றேன், கொஞ்சம் பொறுங்கள். கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பென்டியத்தில் பூஜ்யம் பைட்டாகப் பெயர் மட்டும் தங்கியிருந்தது. ரீப்ளேஸ் அதைப் பார்த்து "இருக்கிறதே" என்று தாண்டிப் போய்விட்டது. 1999-ஆம் வருட அடைவில் ஒரு வளைகாப்புப் பத்திரிகை. பூஜ்யம் பைட்டுக் கோப்புகளை முதலில் தேடி அழித்துவிட்டு அப்புறம் ரீப்ளேஸ் ஓட்டுங்கள். நான் கோப்பு எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுச் சரி என்று தூங்கப் போயிருந்தால் அந்த வளைகாப்பு போயிருக்கும்.

14 ஜூன்

பென்டியத்திலிருந்து லேப்டாப்புக்கு. இது சுலபம் என்று நினைத்தேன், இரண்டிலும் நெட்வொர்க் இருக்கிறதே. விண்டோஸ் 98, எக்ஸ்பி எல்லாம் கோப்பு பகிர எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பைத்தான் பேசும். 2017-இல் வானாக்ரை என்ற தீம்பொருள் அடித்த அடிக்குப் பிறகு, அதே வருடம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை மைக்ரோசாப்ட் விலக்கத் தொடங்கிவிட்டது. மீண்டும் இயக்கலாம், நான் இயக்கவில்லை. வீட்டில் எல்லாருடைய போனும் அதே வைஃபையில் இருக்கிறது.

பென் டிரைவும் விண்டோஸ் 98-இல் சொருகியதும் ஓடாது, ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் கேட்கும். கடைசியில் எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை. லேப்டாப்பில் பைல்ஜில்லா சர்வர் போட்டு, குறியாக்கம் கட்டாயம் என்பதைத் தளர்த்தி, இரண்டையும் ஒரே ஒரு லேன் கேபிளால் மட்டும் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டேன். பென்டியத்தில் எதுவும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் 98-இலேயே எஃப்டிபி கட்டளை இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகச் சுருக்கி அனுப்பினேன். திறந்தால் பிழை, பிழை, பிழை. 5-ஆம் தேதி பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள். அந்தக் கட்டளை தானாக எழுத்து முறையில்தான் தொடங்கும். வரி முடிவுக் குறிகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும். முதலில் "bin" (பைனரி) என்று தட்டி, அப்புறம்தான் அனுப்ப வேண்டும். இரண்டாம் முறை ஒழுங்காக வந்தது.

15 ஜூன்

மாமா ஆசையாக ஒரு பத்திரிகைக் குறிப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தால் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளின் திருவிழா. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாமல் "திருநிறைச்செல்வி" வராது. விண்டோஸ் 3.1-இல் எழுத்துருக்கள் விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம் அடைவில் இருக்கும், நான் அதை எடுக்கவே இல்லை. மறுபடி கேபிள், மறுபடி இண்டர்சர்வர். பத்துக் கோப்புதான், ஒரு நிமிடம் ஆயிற்று. தமிழ்க் கோப்பு எடுப்பவர்கள் எழுத்துருவையும் அதே பயணத்தில் எடுத்துவிடுங்கள். யூனிகோடுக்கு மாற்றுவதை அப்புறம் நிதானமாகச் செய்யலாம்.

19 ஜூன்

6-ஆம் தேதி "நடுவயதுக் கணினி வேண்டும்" என்று அடித்துச் சொன்னேன். அது முழுதாகச் சரியில்லை. கெர்மிட்டை ஒருவர் நினைவுபடுத்தினார். 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த நெறிமுறை, மப்பெட் பொம்மைத் தவளையின் பெயர். அதன் டாஸ் வடிவம் 486 என்ன, முதல் ஐபிஎம் பிசியிலேயே ஓடும். லேப்டாப்பில் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் மாட்டி, கெர்மிட் தெரிந்த டெரா டெர்ம் என்ற நிரலைப் போட்டால் தரகரே தேவையில்லை. சின்னதாக ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தேன், வந்தது. நேரம் அதிகம் ஆகும், பரணில் ஏற வேண்டியதில்லை.

எட்டாவது பிட்டைத் தின்றுவிடும் தடத்திலும் கெர்மிட் முன்குறி போட்டு எட்டு பிட்டையும் கடத்திவிடும். நம் பழைய எழுத்துருக் கோப்புகளுக்கு அந்த எட்டாவது பிட்தான் உயிர்.

எக்ஸ்மோடம் என்ற இன்னொரு நெறிமுறையும் முயன்றேன். 1977-இல் வார்டு கிறிஸ்டென்சன் எழுதியது, 128 பைட்டு மூட்டைகளாக அனுப்பும். கடைசி மூட்டை நிறையாவிட்டால் மிச்ச இடத்தில் எதைப் போட்டு நிரப்பும் தெரியுமா? 26. மறுபடியும் அதே எண். இந்த மாதம் என்னை விடாது போல. கரண்ட் போகும் ஊரில் இருந்தால் இசட்மோடம் பாருங்கள், அறுந்த இடத்திலிருந்து தொடரும்.

2 ஜூலை

386, 2 எம்பி ராம், பிளாப்பி டிரைவ் செத்துவிட்டது, டாஸ் 5, இண்டர்லிங்க் கிடையாது, எப்படி உள்ளே ஏற்றுவது என்று கேட்டவருக்கு. வழி இருக்கிறது. இண்டர்சர்வர் உள்ள கணினியில் அதை /ஆர்காப்பி போட்டு ஓட்டுங்கள். அது சொல்வதுபோல 386-இல் மோட் கட்டளையால் சீரியல் போர்ட்டை அமைத்து, சிடிடிஒய் கட்டளையில் அந்தப் போர்ட்டைக் குறிப்பிட வேண்டும். அத்தோடு 386-இன் விசைப்பலகை அதிகாரம் கேபிளுக்குப் போய்விடும். எதிர்ப்பக்கம் தானே தட்டித் தன் நகலை அங்கே ஏற்றிக்கொள்ளும். இதற்கு மூன்று கம்பி சீரியல் கேபிள் போதாது, ஏழு கம்பி வேண்டும். மோட் நிரல் 386-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் 486-ஐ எடைக்குப் போடவில்லை. மாமா கணக்குக் கோப்பை லேப்டாப்பில் திறந்து இரண்டு நாளாக வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1998-இல் 500 பத்திரிகை அடித்ததில் 1,150 ரூபாய் பாக்கி வைத்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் இப்போது மாமாவுக்குச் சம்பந்தி. கேட்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.